மருதமுனைச் சாறிக்கு எந்த ஈமெயில் தளம்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், மற்றவர்களும் வாசிப்பார்கள். மருதமுனையில் வாப்பா காலத்துக் கைத்தறிக் கடை. சாறி, சாரம், மேசை விரிப்பு. இரண்டு வருடமாக வூகொமர்ஸில் ஒன்லைன் கடையும் ஓடுகிறது. கையில் 1,800 ஈமெயில் முகவரி இருக்கிறது. மெயில்சிம்ப், பிரெவோ, மெயிலர்லைட், ஸோஹோ கெம்பெயின்ஸ், ஒரே மெயிலைப் பலருக்கு அனுப்பித் தருகிற இந்த நான்கு தளத்தில் எது மலிவு, எது ஸ்பாமில் விழாமல் போய்ச் சேரும், எதில் தமிழ் ஒழுங்காகத் தெரியும்? எழுத்தைப் பார்த்தால் என்னைவிட வயதில் சிறியவர் போல இருக்கிறது, தம்பி என்றே கூப்பிடுகிறேன், குறை நினைக்க வேண்டாம். தம்பி, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கீழே ஒரு வரியில் "இரண்டு பெருநாள், தீபாவளி, பொங்கல், புது டிசைன் வந்தால் இன்னும் ஒன்றிரண்டு, அவ்வளவுதான் அனுப்புவோம்" என்று போட்டிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது. வருடத்துக்கு ஐந்தாறு தரம் மெயில் போடுகிற சின்னக் கடை மாதா மாதம் டொலரில் காசு கட்ட வேண்டுமா? தேவையில்லை. அதற்கு எந்தத் தளம் நல்ல தளம் என்று தேடுவதைவிட, எந்தத் தளம் எதை எண்ணிக் காசு வாங்குகிறது என்று பார்த்தாலே போதும்.

நான் கல்லடியில் இருந்துகொண்டு பன்னிரண்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். பாசிக்குடாவில் இருந்து பொத்துவில் வரைக்கும் விருந்தினர் விடுதி, கஜு விற்கிறவர், டியூஷன் நிலையம் என்று பலதரப்பட்ட ஆட்களுக்கு வெப்சைட் போட்டு, மெயில் அனுப்பிக் கொடுத்திருக்கிறேன். எந்தத் தளத்திடமும் கொமிஷன் வாங்குவதில்லை. நான் பார்த்ததெல்லாம் சின்னப் பட்டியல்கள்தான், ஐம்பதுக்கும் ஐயாயிரத்துக்கும் இடையில். லட்சக்கணக்கில் அனுப்புகிற கம்பனிக்கு என் பேச்சு பொருந்தாது.

முதலில் அந்த 1,800. நீங்கள் சொன்ன கணக்குப்படி கடையில் வாங்கியவர்கள் 640 பேர், கொழும்புக் கண்காட்சியில் கொப்பியில் எழுதி வாங்கியது 700, மிச்சம் 460 ஒரு நண்பர் தந்த எக்செல். இந்த மூன்றையும் ஒரே குவியலாக ஏற்றினால் எந்தத் தளமாக இருந்தாலும் கணக்கை முடக்கிவிடுவார்கள். இதை நான் பட்டுத்தான் படித்தேன். தொடக்க காலத்தில் கடலோர விடுதி ஒன்றுக்காக, மூன்று வருட விருந்தினர் புத்தகத்தைப் பார்த்து இரண்டு இரவு முழுக்க முகவரி தட்டச்சு செய்தேன். கையெழுத்தில் ஆங்கில 'ஆர்'உம் 'என்'உம் சேர்ந்தால் 'எம்' மாதிரித்தான் தெரியும். இலக்கம் ஒன்றா (1), ஆங்கில 'எல்' எழுத்தா (l) என்று ஊகித்து ஊகித்து அடித்தேன். ஆயிரத்துச் சொச்சம் மெயில் ஒரே மூச்சில் போனது. போனதில் கால்வாசிக்கு மேல் முகவரி இல்லை என்று திரும்பி வந்தது. காலையில் எழும்பிப் பார்த்தால் கணக்குப் பூட்டு. தளத்தின் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் பிழை இல்லை. யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். அந்தச் சீசனுக்கு விடுதிக்காரர் என்னோடு கதைக்கவில்லை.

தளங்கள் இப்படிப் பூட்டுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மலிவுத் திட்டங்களில் உங்களுக்கென்று தனி அனுப்பும் இயந்திரம் கிடையாது. உங்களைப் போல நூற்றுக்கணக்கான கடைகளின் மெயில் ஒரே ஐபி முகவரிகளில் (இணையத்தில் அனுப்பும் இயந்திரத்தின் இலக்கம்) இருந்துதான் போகும். ஒரு பஸ்ஸில் எல்லாரும் ஏறின மாதிரி. ஒருவன் நாற்ற மீன் கொண்டுவந்தால் முழுப் பஸ்ஸுக்கும் மணக்கும். ஆகவே கொண்டக்டர் கண்டிப்பாக இருப்பது உங்களுக்கு நல்லது. மெயிலர்லைட்டில் கணக்குத் திறந்தால் உங்கள் வெப்சைட்டைப் பார்த்து, பட்டியல் எப்படிக் கிடைத்தது என்று கேட்டுத்தான் அனுமதி தருவார்கள். "இதென்ன விசா எடுக்கிற மாதிரி" என்று என் வாடிக்கையாளர் ஒருவர் சலித்துக்கொண்டார். அந்தக் கெடுபிடி இல்லாத தளத்தில் நான் காசு கட்ட மாட்டேன்.

இனிக் காசு. இந்தத் தளங்கள் காசு எண்ணுவது இரண்டு விதம். ஒன்று தலைக் கணக்கு: பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அதற்கு மாதக் கட்டணம், நீங்கள் அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும். மற்றது மெயில் கணக்கு: ஆள் எத்தனை இருந்தாலும் பரவாயில்லை, எத்தனை மெயில் போனதோ அதற்குக் காசு. மெயில்சிம்ப், மெயிலர்லைட், பிறகு சொல்லப்போகிற கிளாவியோ மூன்றும் தலைக் கணக்கு. பிரெவோ மெயில் கணக்கு. வருடத்தில் ஆறு தரம் அனுப்புகிற கடை தலைக் கணக்கில் சேர்ந்தால், ஆறு மாதம் சும்மா இருந்ததற்கும் காசு கட்டுகிறது. வாரம் ஒரு மடல் எழுதுகிற டியூஷன் ஆசிரியருக்கு அது அப்படியே தலைகீழ்.

மெயில்சிம்ப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் முதலில் போய் நிற்பது அதன் வாசலில்தான். 2001இல் அட்லாண்டாவில் தொடங்கியது, 2021இல் இன்டூயிட் கம்பனி ஏறக்குறைய 1,200 கோடி டொலருக்கு வாங்கியது. ஒரு காலத்தில் 2,000 பேர் வரைக்கும் இலவசமாக விட்டார்கள், நாங்கள் எல்லாரும் அப்படித்தான் உள்ளே போனோம். வாங்கிய பிறகு அந்த எல்லையையும் அனுப்பும் அளவையும் குறைத்துக்கொண்டே வந்தார்கள். உங்கள் 1,800க்கு இலவசம் என்ற பேச்சே இல்லை. அதோடு ஒரு பொறி. "இனி அனுப்ப வேண்டாம்" என்று விலகிப் போனவரையும் மெயில்சிம்ப் உங்கள் தொடர்பு எண்ணிக்கையில் சேர்த்துத்தான் காசு போடும். நீங்களாகப் போய் அவரை ஆர்கைவ் செய்தால்தான், அதாவது ஒதுக்கி வைத்தால்தான், எண்ணிக்கையில் இருந்து கழியும். ஒரே ஆள் இரண்டு ஓடியன்ஸில் (பட்டியலுக்கு அங்கே அதுதான் பெயர்) இருந்தால் இரண்டு தலை. கல்முனைப் பக்கம் ஒரு கடைக்காரர் இதைத் தெரியாமல் ஒன்றரை வருடம் கட்டியிருந்தார். உட்கார்ந்து ஆர்கைவ் செய்தோம், பில் ஒரு படி கீழே இறங்கியது. டிசைன் செய்கிற வசதியும் ரிப்போர்ட்டும் அருமையானவைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கடைக்கு இப்போது அது பெரிய சட்டை.

பிரெவோவின் பழைய பெயர் சென்டின்புளூ. பாரிஸ் கம்பனி, 2023இல் பெயரை மாற்றினார்கள். இலவசத் திட்டத்தில் ஒரு நாளைக்கு 300 மெயில். உங்கள் 1,800க்கும் போட்டால் ஆறு நாள் பிடிக்கும், பெருநாள் முடிந்துவிடும் என்று சிரிக்கிறீர்களோ தெரியாது. ஆனால் பட்டியலைச் சுத்தம் செய்தால் எண்ணிக்கை இப்படியே இருக்கப் போவதில்லை. 640 பேர்தான் மிஞ்சினால் மூன்று நாளில் முடியும். கைத்தறிக் கடைக்கு அது நல்லதும்கூட. ஒரு டிசைனில் உங்களிடம் எத்தனை சாறி இருக்கும்? பத்தா, பன்னிரண்டா? ஒரே மணித்தியாலத்தில் எல்லாருக்கும் போய், பத்துப் பேருக்குக் கிடைத்து, முப்பது பேர் "முடிந்துவிட்டதா" என்று எழுதுவதைவிட, முதல் நாள் பழைய வாடிக்கையாளருக்கு, இரண்டாம் நாள் மற்றவர்களுக்கு என்று பிரித்து விடலாம். பட்டியலை நீங்களே மூன்று கூறாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், தளம் தானாகப் பிரிக்கும் என்று நம்பி ஒரே அடியாக விடாதீர்கள். நாள் கணக்கு ஒத்துவராவிட்டால் முற்பணமாக மெயில் கிரெடிட் வாங்கும் வழியும் பிரெவோவில் உண்டு, கொஞ்சம் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்தக் கிரெடிட் காலாவதியாவதில்லை. மெயில்சிம்ப்பும் இப்படிக் கிரெடிட் விற்கிறது, அது 12 மாதத்தில் செத்துப்போகும். பிரெவோவில் எனக்குப் பிடிக்காதது அதன் எடிட்டர். படம் ஒன்றை இழுத்து வைக்க மூன்று தரம் முயல வேண்டும். இலவசத் திட்டத்தில் அடியில் அவர்களுடைய சின்னமும் வரும்.

மெயிலர்லைட் லித்துவேனியாவில் பிறந்தது, இப்போது போலந்துக் கம்பனி ஒன்றின் கையில் இருக்கிறது. நான்கிலும் கைக்கு இதமானது இதுதான். என் மருமகளுக்கு ஒரு பின்னேரத்தில் சொல்லிக்கொடுத்துவிட்டேன், அடுத்த நாள் அவவே தனியாக மெயில் போட்டா. இலவச எல்லையை இவர்களும் குறைத்துத்தான் இருக்கிறார்கள். உங்கள் பட்டியல் சிறுத்து, மாதம் இரண்டு மூன்று தரம் எழுதுகிற பழக்கம் வந்தால் இதற்கு மாறுங்கள். ஸோஹோவைப் பற்றி எல்லாரும் "நம்ம தமிழ் ஆள், தென்காசியில் கந்தோர் வைத்திருக்கிறார்" என்று பெருமையாகச் சொல்வார்கள், பெருமைதான். ஆனால் அதனால் உங்கள் மெயிலில் தமிழ் கூட அழகாகத் தெரியப் போவதில்லை. ஏற்கனவே கணக்கு வழக்குக்கு ஸோஹோ புக்ஸ் பாவிக்கிறீர்கள் என்றால் கெம்பெயின்ஸை எடுங்கள், வாடிக்கையாளர் விபரம் ஒரே இடத்தில் இருக்கும். இல்லாவிட்டால் அதற்காக மட்டும் உள்ளே போக வேண்டாம், பட்டன்கள் காடு மாதிரி.

வேறு சிலவும் கேட்பார்கள், சொல்லிவிடுகிறேன். கிளாவியோ ஒன்லைன் கடைக்கென்றே செய்தது, கூடையில் பொருளைப் போட்டுவிட்டு வாங்காமல் போனவருக்குத் தானாக மெயில் போடுவதில் அதை அடிக்க ஆளில்லை, விலையும் அப்படித்தான். அமேசன் எஸ்இஎஸ் ஆயிரம் மெயிலுக்கு 10 சதம் டொலர். உங்கள் முழுப் பட்டியலுக்கும் 18 சதம். பார்க்க வாய் ஊறும். ஆனால் அது வெறும் குழாய். ஆட்களை ஏற்றவும் மெயிலை டிசைன் செய்யவும் கடைக்காரர் பாவிக்கிற மாதிரித் திரை கிடையாது, அதற்கு மேல் லிஸ்ட்மொங்க் மாதிரி ஒரு மென்பொருளை நீங்களே சேர்வரில் நிறுவ வேண்டும். வீட்டில் ஒலுவில் கம்பஸில் கம்பியூட்டர் படிக்கிற பிள்ளை இருந்தாலும்கூட, அந்தப் பிள்ளை வேலைக்குப் போன பிறகு யார் பார்ப்பது என்று யோசித்துவிட்டு இறங்குங்கள். வூகொமர்ஸில் இருந்தபடியே உங்கள் வெப்சைட் இருக்கிற ஹோஸ்டிங் சேர்வரால் அனுப்புகிற யோசனை இருந்தால் மறந்துவிடுங்கள்.

கட்டணம் கட்டும் வழியையும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் டொலர் அல்லது யூரோ. உங்கள் வங்கி டெபிட் கார்டில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று கிளையில் கேட்டுத் திறக்க வேண்டி வரலாம். மாற்றுவீதத்துக்கு மேல் வங்கி தன் பங்கையும் எடுக்கும். 2022இல் டொலர் தட்டுப்பாட்டில் கார்டு வேலை செய்யாமல், கட்டணம் தவறி, மூன்று பேருடைய கணக்கு இலவசத் திட்டத்துக்கு இறங்கியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் மாதக் கட்டணத்தைவிடக் கிரெடிட் வாங்கி வைப்பதில் எனக்கு விருப்பம் கூடியது.

"எது ஸ்பாமில் விழாது" என்ற கேள்விக்கு, தளங்களுக்கு இடையிலான வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது. இணையத்தில் "இந்தத் தளம் நூற்றுக்குத் தொண்ணூறு இன்பொக்ஸுக்குப் போகிறது" என்று அட்டவணை போட்டுச் சோதனை செய்கிறார்கள். அவர்கள் தாங்களே உருவாக்கிய சோதனை முகவரிகளுக்கு அனுப்பிப் பார்த்த கணக்கு அது. உங்கள் லண்டன் வாடிக்கையாளருடைய ஜீமெயில் உங்களை எப்படிப் பார்க்கும் என்று அது சொல்லாது. நிச்சயமாகத் தெரிந்தது வேறு. 2024 பெப்ரவரியில் இருந்து கூகுளும் யாஹுவும் விதிகளை இறுக்கிவிட்டன. ஒரு நாளில் ஜீமெயிலுக்கு 5,000க்கு மேல் அனுப்புகிறவர்கள், மெயில் உண்மையிலேயே தங்களிடம் இருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும், ஒரே அழுத்தில் விலகும் வசதி இருக்க வேண்டும். ஹொட்மெயில், அவுட்லுக் முகவரிகளுக்கு மைக்ரோசொஃப்ட்டும் 2025 மே மாதம் இதே வழிக்கு வந்தது. கனடாவில் இருக்கிற மாமாமார் பாதிப்பேர் இன்னும் ஹொட்மெயில்தான், ஆகவே இதைத் தள்ளிவிட ஏலாது. நாங்கள் எங்கே 5,000 அனுப்பப் போகிறோம் என்று விடாதீர்கள். முறைப்பாட்டு வீதம் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற விதி சின்ன ஆளுக்கும் சேர்த்துத்தான். ஆயிரம் பேருக்கு அனுப்பினால் மூன்றே மூன்று பேர் "ஸ்பாம்" பட்டனை அழுத்தினால் போதும், கோட்டில் நிற்கிறீர்கள். நண்பர் தந்த 460 பேரில் மூன்று பேர் அழுத்த மாட்டார்களா?

ஆகவே தளத்துக்கு முன்னால் வேண்டியது சொந்த டொமைன், அதாவது உங்கள் வெப்சைட் பெயர். இப்போது ஜீமெயில் முகவரியில் இருந்து கடை மெயில் போடுகிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஜீமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டுத் தளம் வழியாக அனுப்பினால், கூகுள் அதைத் தன் பெயரில் வேறொருவர் எழுதுவதாகத்தான் பார்க்கும். சில தளங்கள் அந்த முகவரியைத் தாங்களே மாற்றித் தங்கள் டொமைனைப் போட்டுவிடும். உங்கள் வெப்சைட் பெயரிலேயே ஒரு முகவரி எடுங்கள். தளம் இரண்டு மூன்று வரி தரும், அதை டொமைனின் டிஎன்எஸ் என்ற அமைப்புப் பக்கத்தில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் எஸ்பிஎஃப், டிகிம் என்பதெல்லாம். இங்கே நான் திரும்பத் திரும்பக் காணும் பிழை ஒன்று: ஹோஸ்டிங்காரர் முதலே ஒரு எஸ்பிஎஃப் வரி போட்டிருப்பார், தளம் சொன்னதென்று கடைக்காரர் இரண்டாவது வரியையும் போடுவார். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் வரி ஒன்றுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இருக்கிற வரிக்குள்ளேயே புதியதைச் சேர்க்க வேண்டும். அந்தச் சோதனையில் தவறிய மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கைத் தொடக்கத்தில் ஒன்றும் தடுக்காத, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிற நிலையில் வையுங்கள். எடுத்த எடுப்பில் இறுக்கினால் உங்கள் சொந்த ஓடர் மெயிலே தொலையும்.

தமிழ் பற்றிக் கேட்டீர்கள், இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. நான்கு தளத்திலும் தமிழ் தெரியும், ஏனென்றால் எல்லாக் கணினியும் ஃபோனும் ஏற்றுக்கொண்ட எழுத்து முறையான யுனிகோட் யாருடைய சொத்தும் இல்லை. பிழைப்பது நம்முடைய பக்கத்தில். நம்மூர் அச்சகத்திலும் கந்தோரிலும் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பெருநாள் நோட்டீஸ் அடித்த கோப்பைத் திறந்து, அதை அப்படியே கொப்பி எடுத்து மெயிலில் ஒட்டினால், பாமினி இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூழ். ஒரு தரம் நானே தலைப்பு வரியில் அதைச் செய்தேன். என் கணினியில் எடிட்டருக்குள் எழுத்துரு இருந்ததால் உடல் பகுதி தமிழாகத் தெரிந்தது, தலைப்பை நான் கவனிக்கவில்லை. ரொறன்ரோவில் இருந்து ஒரு அன்ரி பதில் போட்டா: "தம்பி, உங்கட கணக்கை யாரோ ஹாக் பண்ணிப் போட்டாங்கள் போல." பாமினியில் இருப்பதை யுனிகோட்டுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. மாற்றிய பிறகும் ஒரு தரம் வாசியுங்கள், கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

அடுத்தது எழுத்துரு அழகு. தளத்தின் எடிட்டரில் ஆசைப்பட்டு ஒரு தமிழ் எழுத்துருவைப் போட்டாலும் ஜீமெயில் அதை எடுக்காது. வாசிக்கிறவரின் ஃபோனில் என்ன தமிழ் எழுத்து இருக்கிறதோ அதில்தான் தெரியும். அதற்குப் பயந்து முழுச் செய்தியையும் ஒரு படமாகச் செய்து ஒட்டாதீர்கள், நம்மவர்கள் எல்லாரும் செய்கிற வேலை அது. படம் திறக்காத மெயிலில் வெறும் சதுரம்தான் இருக்கும், தேடினாலும் அகப்படாது. எழுத்தை எழுத்தாகவே விட்டு, வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். இறுக்கி வைத்தால் மேல் வரியின் கூ, பூ வால்கள் கீழ் வரியின் புள்ளியில் முட்டும். இன்னொன்று அதிகம் பேருக்குத் தெரியாது. ஜீமெயில் 102 கிலோபைட்டைத் தாண்டிய மெயிலை வெட்டி, மிச்சத்தைப் பார்க்க ஒரு இணைப்பைப் போடும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட், தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். "கொ" என்பதே இரண்டு குறி, ஆறு பைட். அதோடு இழுத்து வைக்கும் எடிட்டர்கள் உள்ளே அள்ளிப் போடும் குப்பையும் சேரும். நீளமான தமிழ் மடல் சீக்கிரம் அந்த எல்லைக்கு வந்துவிடும். வெட்டுப்படும் பகுதியில்தான் விலகும் இணைப்பு இருக்கும், அது தெரியாவிட்டால் ஆள் ஸ்பாம் பட்டனைத் தேடுவார். எட்டுச் சாறியைக் காட்டுங்கள், இருபத்தைந்தை வேண்டாம். தலைப்பு வரியும் அப்படித்தான். ஃபோன் திரையில் தமிழ் எழுத்து அகலம் பிடிக்கும், முதல் மூன்று நான்கு சொல்லுக்குள் விஷயம் வந்துவிட வேண்டும். "எமது அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு இனிய" என்பதோடு வெட்டுப்பட்ட தலைப்புகள் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

சட்டம் எனக்குத் தொழில் இல்லை, ஆனால் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, விளம்பரச் செய்தி அனுப்ப ஆளின் சம்மதம் வேண்டும் என்கிறது. நடைமுறைக்கு வருவது இழுபட்டுக்கொண்டு போனது என்பதற்காக அதைக் கணக்கில் எடுக்காமல் விட வேண்டாம். உங்கள் வாங்குவோர் பாதிப்பேர் கனடா, லண்டன் என்கிறீர்கள். கனடாவின் ஸ்பாம் எதிர்ப்புச் சட்டம் 2014 ஜூலையில் இருந்து அமுலில் இருக்கிறது, அங்கும் சம்மதம்தான் முதல் வார்த்தை, மெயிலின் அடியில் உங்கள் தபால் முகவரியும் இருக்க வேண்டும். கடை முகவரியைப் போடுங்கள். வீட்டிலேயே தறி வைத்திருக்கிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், வீட்டு முகவரி போடத் தயங்கினால் தபாலகத்தில் ஒரு தபால் பெட்டி இலக்கம் எடுத்துப் போடலாம்.

சந்தேகமானவற்றையும் சொல்ல வேண்டும். எத்தனை பேர் திறந்தார்கள் என்று தளம் காட்டும் சதவீதத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். 2021 செப்டம்பரில் ஐஃபோனில் ஆப்பிள் கொண்டுவந்த ஒரு மாற்றத்தால், ஆள் பார்க்காவிட்டாலும் படங்கள் முன்கூட்டியே இறங்கும். தளம் அதைத் "திறந்தார்" என்று எண்ணிவிடும். யார் அழுத்தினார், யார் வாங்கினார், யார் பதில் எழுதினார் என்பதுதான் கணக்கு. ஜீமெயிலில் விளம்பர மெயிலை ஒதுக்கி வைக்கும் "புரொமோஷன்ஸ்" பக்கத்துக்குப் போகாமல் இருக்கத் தந்திரம் சொல்கிறவர்களின் வீடியோக்களையும் விடுங்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று கூகுளுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. சாறி வாங்க நினைக்கிறவர் அந்தப் பக்கத்தையும் திறந்து பார்க்கத்தான் செய்கிறார். எத்தனை மணிக்கு அனுப்புவது என்பதற்கும் விதி இல்லை. நான் கோடை காலத்தில் நம்ம நேரம் பின்னேரம் 5 மணிக்கு விடுவேன். அப்போது ரொறன்ரோவில் காலை 7:30, லண்டனில் பகல் 12:30, கட்டாரில் 2:30. மூன்று இடத்திலும் ஆள் விழித்திருக்கும் என்பதைத் தவிர அதில் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

உள்ளூர் ஆட்களுக்கு ஈமெயில் வேண்டாம். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இருக்கிறவர் ஈமெயிலைத் திறப்பது ஓடிபி தேடத்தான். அவர்களுக்கு வட்ஸ்அப் போதும். புரோட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் கொள்ளும், உங்கள் இலக்கத்தைச் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் போகும், அதுவே ஒரு வடிகட்டி. ஈமெயிலை வெளிநாட்டு உறவுகளுக்கும், கொழும்பு பூட்டிக்குகளுக்கும், அறுகம்பே விடுதிக்காரருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அறுகம்பேயில் ஏப்ரலுக்கும் ஒக்டோபருக்கும் இடையில்தான் சேர்ஃபிங் சீசன், மேசை விரிப்பும் கட்டில் விரிப்பும் அதற்கு முன்னால் பெப்ரவரியில் கேட்பார்கள். அவர்களுக்குத் தனிக் கூறு, ஆங்கிலத்தில், படம் இரண்டு, விலை, தறியில் எத்தனை நாள் பிடிக்கும் என்ற விபரம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் வேலையாக டொமைன் முகவரி எடுத்து, அந்த டிஎன்எஸ் வரிகளைப் போட்டு, பிரெவோ இலவசக் கணக்கில் 640 பேரை மட்டும் ஏற்றுவேன். கண்காட்சிக் கொப்பியில் இருக்கிற 700 பேர் தாங்களாக எழுதித் தந்தவர்கள், ஆனால் எப்போது எழுதினார்கள்? இரண்டு வருடத்துக்குள் என்றால் நாளைக்கு ஐம்பது ஐம்பதாக, "கண்காட்சியில் எங்கள் கடையில் எழுதிவிட்டுப் போனீர்கள், தொடர்ந்து அனுப்பலாமா" என்று ஒரு சின்ன மெயில், கீழே ஒரு பட்டன். அழுத்தியவரை மட்டும் சேர்ப்பேன். நூறு பேர் வந்தாலே சந்தோஷம். முதல் மெயிலை அனுப்புவதற்கு முன் ஒரு மலிவு அண்ட்ரொயிட், ஒரு ஐஃபோன், ஒரு ஹொட்மெயில் கணக்கு மூன்றிலும் திறந்து பார்ப்பேன். மூன்றும் மருதமுனையில் ஒரு தெருவுக்குள்ளேயே கிடைக்கும்.

இரண்டு வருடம் கழித்துத் தளம் மாற நேர்ந்தால், பெயர்ப் பட்டியலை சிஎஸ்வி கோப்பாக (எக்செலில் திறக்கலாம்) இறக்க எல்லாத் தளமும் விடும், டிசைனைக் கொண்டு போக ஏலாது, அதைப் புதிதாகச் செய்யத்தான் வேண்டும். ஆனால் இறக்கும்போது விலகியவர்களின் பட்டியலையும் தனியாக இறக்கி, புதுத் தளத்தில் முதலில் அதை ஏற்றித் தடை போட்டுவிட்டு, அதன் பிறகு மற்றவர்களை ஏற்றுங்கள். இதை மறந்து, மூன்று வருடத்துக்கு முன் விலகிப் போன ஒருவருக்குப் பெருநாள் வாழ்த்து அனுப்பி, அவரிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. நண்பர் தந்த எக்செலை அழித்துவிடுங்கள். நண்பரிடம் சொல்ல வேண்டியதில்லை.